போர்ட் பாட்டிலும் காரீயத் தொப்பியும்

டிஸ்கியை முதலிலேயே போட்டுவிடுகிறேன். இது குடிக்கச் சொல்லும் பதிவு அல்ல. வீட்டிலும் அப்படித்தான் சொல்லி வைத்திருக்கிறேன் :-) பெயர் எதுவும் எழுதாத பழைய பாட்டில் ஒன்றைக் கையில் கொடுத்தால், அது யாருடையது, எந்த வருடத்தது என்று திறக்காமலேயே எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்கிற கதை. பாதி சரித்திரம், பாதி துப்பறிதல்.

கோவாவில் எனக்குச் சோறு போடுவது லேபிள் அச்சுத் தொழில். எந்தக் காகிதம் கண்ணாடியில் ஒட்டும், எந்தப் பசை மழைக்காலத்தில் கைவிடும், எந்த மை வெயிலில் வெளுக்கும் என்பதுதான் பதினோரு வருடமாக என் கவலை. அப்படிப்பட்டவன் சொல்கிறேன்: பழைய விண்டேஜ் போர்ட் விஷயத்தில் கடைசியாக விசாரிக்க வேண்டிய சாட்சி லேபிள்தான்.

இன்னொன்றையும் தெளிவுபடுத்திவிடுகிறேன். கோவா வந்து போகும் நம்மூர்க்காரர்கள் பையில் இரண்டு பாட்டில் எடுத்துப்போகும் அந்த இனிப்பு 'போர்ட் ஒயின்' வேறு. அது இங்கேயே, நம் ஊர் திராட்சையில் செய்வது. நான் சொல்லும் போர்ட், போர்ச்சுகலின் வடக்கே டூரோ ஆற்றுப் பள்ளத்தாக்கில் விளையும் திராட்சையில் செய்வது. பெயர் மட்டும்தான் இரண்டுக்கும் பொது.

திராட்சைச் சாறு பாதி புளித்துக்கொண்டிருக்கும்போதே அதில் திராட்சையிலிருந்து காய்ச்சிய சாராயத்தை ஊற்றிவிடுவார்கள். 77 சதவீத வீரியம். ஈஸ்ட் செத்துப்போகும், புளிப்பது நிற்கும், மிச்சமிருக்கும் சர்க்கரை அப்படியே தங்கிவிடும். அதனால்தான் போர்ட் இனிப்பாகவும் இருக்கிறது, 20 சதவீதத்தை ஒட்டிய வீரியத்துடனும் இருக்கிறது. பிறகு அது ஆற்றோடு இறங்கி, போர்ட்டோ நகருக்கு எதிர்க்கரையில் இருக்கும் விலா நோவா டி காயா கிடங்குகளுக்குப் போகும். அந்தக் காலத்தில் படகில் போனது, இப்போது லாரியில்.

பெரும்பாலான போர்ட் பீப்பாயிலேயே முதிர்ந்து, குடிக்கத் தயாரான பிறகுதான் பாட்டிலுக்கு வரும். விண்டேஜ் மட்டும் வேறு ஜாதி. மிக நல்ல விளைச்சல் அமைந்த வருடத்தில் மட்டும் நிறுவனம் 'இந்த வருடம் விண்டேஜ்' என்று அறிவிக்கும். அறுவடையாகி இரண்டு மூன்று வருடத்துக்குள் பாட்டிலில் அடைத்துவிட வேண்டும். அதற்குப் பிறகு இருபது வருடம், ஐம்பது வருடம், முதிர்வதெல்லாம் பாட்டிலுக்குள்தான். பாட்டிலைப் படுக்க வைத்திருப்பார்கள். அடிப்பக்கத்தில் வண்டல் ஒரு பொருக்காகப் படிந்துகொண்டே வரும்.

இப்போது என் தொழில் கண்ணால் பாருங்கள். ஈரமான நிலவறை, ஐம்பது வருடம், காகிதம், மாவுப் பசை. பூஞ்சை பிடிக்கும், இராமபாணப் பூச்சி தின்னும், எலியும் விடாது. லேபிள் எப்படிப் பிழைக்கும்? அதைவிட வேடிக்கை, பல பாட்டில்களுக்கு ஆரம்பத்திலிருந்தே லேபிள் கிடையாது. அது ஏன் என்பதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

போர்ட் போர்ச்சுகலில் பிறந்தாலும் அதை வளர்த்தது ஆங்கிலேயன். பிரான்சோடு எப்போதும் சண்டை, அதனால் பிரெஞ்சு ஒயினுக்குத் தட்டுப்பாடு. 1703-ல் மெத்யூன் ஒப்பந்தப்படி போர்ச்சுகல் ஒயினுக்கு பிரெஞ்சு ஒயினைவிட மூன்றில் ஒரு பங்கு வரி குறைவு என்றானது. வியாபாரம் பெருகியதும் கலப்படமும் பெருகியது. நிறத்துக்காக எல்டர்பெர்ரி என்ற பழத்தின் சாற்றைக் கலந்தார்கள். 1756-ல் மார்க்கேஸ் டி பொம்பால் (லிஸ்பன் பூகம்பத்துக்குப் பிறகு நகரைத் திரும்பக் கட்டிய அதே மனிதர்) ஒரு கம்பெனி அமைத்து, எந்த எல்லைக்குள் விளைந்தால் போர்ட் என்று கருங்கல் நட்டு வரையறுத்தார். எல்டர் செடிகளைப் பிடுங்கச் சொன்னார். 'எங்கே விளைந்தது' என்ற கேள்விக்கு அரசாங்கமே பதில் எழுதிய ஆரம்பகால உதாரணங்களில் இது ஒன்று.

ஆனால் அந்தப் பதில் பீப்பாய் வரைக்கும்தான். 'பைப்' என்று சொல்லும் ஒரு பீப்பாயில் சுமார் 550 லிட்டர். அது பீப்பாயாகவே கப்பலேறி லண்டனுக்கும் பிரிஸ்டலுக்கும் ஸ்காட்லாந்தின் லீத்துக்கும் போகும். அங்கே ஒயின் வியாபாரிகள் வாங்கித் தங்கள் கிடங்கில், தங்கள் பாட்டிலில், தங்கள் கார்க்கைப் போட்டு அடைப்பார்கள். ஒரு பைப்புக்கு ஏறக்குறைய 700 பாட்டில். வசதியான வீட்டில் பிள்ளை பிறந்தால் அந்த வருடத்து போர்ட் ஒரு பைப் வாங்கி நிலவறையில் படுக்க வைத்துவிடுவார்களாம், பிள்ளைக்கு 21 வயதாகும்போது திறக்க. நம் வீடுகளில் பெண் பிறந்தால் பாத்திரம் சேர்க்க ஆரம்பிப்பது மாதிரி.

வாங்கியவருக்குத் தன் நிலவறையில் எங்கே என்ன கிடக்கிறது என்று தெரியும். பாட்டிலில் எதற்குப் பெயர்? அலமாரித் தடுப்பின் மேல் பீங்கானில் ஒரு வில்லை தொங்கும். அதில் 'போர்ட்' என்று எழுதியிருக்கும். பாட்டிலின் மேல் வயிற்றில் சுண்ணாம்பு மாதிரி வெள்ளைச் சாயம் ஒரு தீற்றல் மட்டும். அது பெயரல்ல, 'இந்தப் பக்கம் மேலே' என்பதற்கு அடையாளம். எங்கே எடுத்துப்போய் வைத்தாலும் வெள்ளை மேலே இருந்தால் வண்டல் கலங்காது. ஏலத்துக்கு வரும் பழைய பாட்டில்களில் இன்றும் அந்தத் தீற்றலைப் பார்க்கலாம். அறியாதவர்கள் அழுக்கென்று கழுவிவிடுவதும் உண்டு.

காகித லேபிளுக்கு அவசியம் வந்தது கடைக்காரர்களால். 1860, 1861-ல் நிதியமைச்சர் கிளாட்ஸ்டன் கொண்டுவந்த மாற்றங்களால் பிரிட்டனில் மளிகைக் கடைக்காரரும் ஒயினை ஒற்றை பாட்டிலாக விற்கலாம் என்றானது. அலமாரியில் நின்றால் பெயர் வேண்டுமே! ஆனால் விண்டேஜ் போர்ட் அலமாரியில் நிற்கிற சரக்கல்ல, நிலவறையில் படுக்கிற சரக்கு. அதனால் இருபதாம் நூற்றாண்டில் வெகுதூரம் வந்த பிறகும் லேபிள் இல்லாமலே பல பாட்டில்கள் அடைக்கப்பட்டன. சில வியாபாரிகள் விற்கும் அன்றுதான் லேபிள் ஒட்டினார்கள். அதாவது புத்தம் புதிதாகப் பளபளக்கும் லேபிள் இருந்தால் உடனே போலி என்று சொல்லிவிட முடியாது. கிழிந்து கறுத்த லேபிள் இருந்தால் அசல் என்றும் சொல்லிவிட முடியாது. காகிதத்தைப் பழசாக்குவது ஒரு வேலையே இல்லை (டீத்தண்ணீர் போதும், என்னைக் கேளுங்கள்). ரூடி குர்னியாவன் என்பவர் அமெரிக்காவில் விலையுயர்ந்த பிரெஞ்சு ஒயின்களைப் போலியாகச் செய்து விற்று 2012-ல் பிடிபட்டபோது, அவர் வீட்டில் கட்டுக்கட்டாகக் கிடைத்தவை லேபிள்கள்தான். 2014-ல் பத்து வருடத் தண்டனை கிடைத்தது.

சரி, லேபிள் கைவிட்டது. அடுத்த சாட்சி கேப்ஸ்யூல். மருந்துக் கடை கேப்ஸ்யூல் இல்லை. கார்க்குக்கு மேல் பாட்டிலின் கழுத்தை மூடியிருக்கும் உலோகத் தொப்பி. இன்னும் பழைய பாட்டில்களில் அரக்கு முத்திரை இருக்கும், நம் தபாலாபீஸில் பார்சலுக்கு வைத்த அதே மாதிரி. உலோகத் தொப்பி ஈயத்தில் செய்தது. நம் வீட்டு ரசச் சொம்பு ஈயம் வெள்ளீயம். இது காரீயம், விஷம். 1990-களில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இதைத் தடை செய்துவிட்டார்கள். பழைய பாட்டிலைத் தொட்டால் கை கழுவிக்கொள்ளுங்கள், திறக்கிறவர்கள் பாட்டில் வாயை ஈரத்துணியால் துடைக்காமல் ஊற்றக்கூடாது.

விஷமாக இருந்தாலும் காரீயம் நல்ல சாட்சி. மென்மையான உலோகம் என்பதால் அதில் எழுத்துப் புடைக்க அச்சு குத்தலாம், பூஞ்சை தின்னாது. தொப்பியின் உச்சியிலோ பக்கத்திலோ நிறுவனத்தின் பெயர், வருடம், சில சமயம் பாட்டிலில் அடைத்த வியாபாரியின் பெயர் இருக்கும். தேய்ந்து போயிருந்தால் சின்ன வயதில் நாம் எல்லோரும் செய்த வேலையைச் செய்யலாம். நாலணா மேல் காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்ப்போமே, அதேதான். அழுத்தாமல் தேய்க்க வேண்டும், காரீயம் கசங்கிவிடும். அல்லது விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் எழுத்தின் நிழல் விழும்.

எழுத்தைப் படித்துவிட்டால் மட்டும் போதாது, அதற்கு மேல்தான் கூத்தே. தொப்பியில் இருக்கும் பெயர் நாம் அறிந்த பெயராக இருக்காது. 'சில்வா அண்ட் கோசென்ஸ்' என்றிருந்தால் அது டௌ. 'ரெபெல்லோ வாலென்டே' என்றிருந்தால் ராபர்ட்சன் நிறுவனத்தின் விண்டேஜ். 'டியூக் ஹோல்ட்ஸ்வொர்த்' என்றால் ஹன்ட் ரூப். 'பொன்சேகா' என்று மட்டும் இருந்தால் அது அறிவிக்கப்பட்ட பெரிய வருடம். 'பொன்சேகா கிமராயன்ஸ்' என்றிருந்தால் அதே வீட்டின் இரண்டாம் வரிசை, 1967, 1976 மாதிரி வருடங்கள். ஒரு வார்த்தை கூடினால் விலை குறையும்! டெய்லரின் பழைய குறி '4 எக்ஸ் எக்ஸ்' என்பது. அது கம்பளி மூட்டைகளுக்குப் போட்ட வியாபாரக் குறி, ஒயினுக்கு ஒட்டிக்கொண்டது. சாண்டமேன் 1805-லேயே பீப்பாய்களில் ஜி.எஸ்.சி. என்று சூட்டுக்கோலால் குறி போட்டது. கறுப்பு அங்கியும் தொப்பியுமாக நிற்கும் அதன் உருவம் 1928-ல்தான் வந்தது.

எனக்குப் பிடித்த குழப்பம் காக்பர்ன். (எழுதுவது காக்பர்ன், சொல்வது 'கோபர்ன்'. ஆங்கிலேயனைத் திருத்த முடியாது.) ராபர்ட் காக்பர்ன் 1796-ல் லீத் துறைமுகத்தில் ஒயின் கடை வைத்தார், 1815-ல் போர்ட்டோவில் போர்ட் நிறுவனம் வைத்தார். இரண்டும் காக்பர்ன். ஆகவே தொப்பியில் 'காக்பர்ன், லீத்' என்றிருந்தால் உள்ளே இருப்பது காக்பர்ன் போர்ட்டாகவும் இருக்கலாம், வேறு நிறுவனத்தின் போர்ட்டை காக்பர்ன் கடை பாட்டிலில் அடைத்ததாகவும் இருக்கலாம். அடைத்தவன் பெயருக்கும் செய்தவன் பெயருக்கும் வித்தியாசம் தெரியாமல் எத்தனை பேர் ஏமாந்திருப்பார்களோ.

கிரகாம் கதையையும் இடையில் சொல்லிவிடுகிறேன், இந்தியத் தொடர்பு இருப்பதால். அவர்கள் கிளாஸ்கோ ஜவுளிக்காரர்கள், இந்தியாவோடும் வியாபாரம் செய்தவர்கள். 1820-ல் அவர்களுடைய போர்ட்டோ கிளைக்கு வரவேண்டிய கடனுக்குப் பதிலாக 27 பைப் போர்ட்டைக் கொடுத்துவிட்டார்கள். அப்படி வாராக் கடனில் ஆரம்பித்ததுதான் கிரகாம் போர்ட்.

எங்கே பாட்டிலில் அடைத்தார்கள் என்பதும் வருடத்தைக் காட்டிக்கொடுக்கும். போர்க்காலக் கட்டுப்பாடுகளால் 1942, 1945 விண்டேஜ்கள் பெரும்பாலும் போர்ச்சுகலிலேயே அடைக்கப்பட்டன. பிறகு பழையபடி பிரிட்டன். அதே 1963 டெய்லருக்கு லண்டன் தொப்பி ஒன்று, பிரிஸ்டல் தொப்பி ஒன்று என்று பல உருவம் உண்டு. 1970 அறுவடைதான் பிரிட்டனில் அடைக்கப்பட்ட கடைசிப் பெரிய விண்டேஜ். அதற்குப் பிறகு சட்டப்படி எல்லாம் போர்ச்சுகலிலேயே. ஆகவே 1977 என்று வருடமும் 'பிரிஸ்டலில் அடைத்தது' என்று குறிப்பும் ஒரே தொப்பியில் இருந்தால் அந்தப் பாட்டிலைக் கீழே வைத்துவிட்டு வந்துவிடலாம். போர்ச்சுகலில் அடைத்ததற்கு இன்னொரு அடையாளம், கழுத்தில் ஒட்டியிருக்கும் உத்தரவாதச் சீட்டு, எண்ணோடு. 1933-ல் அமைக்கப்பட்ட போர்ட் ஒயின் கழகம் கொடுப்பது.

கடைசி சாட்சி கார்க். நம் பாத்திரங்களில் பெயர் வெட்டுவோமே, 'கமலா, 12.6.71' என்று, அதைப்போல நீளமான அந்தக் கார்க்கின் உடம்பில் நிறுவனம், 'விண்டேஜ்', வருடம் எல்லாம் சூடு போட்டிருக்கும். மாற்றுவது கஷ்டம். கழுத்துக்குள் இருப்பதால் பூச்சியும் தொடாது. ஆனால் படிக்க வேண்டுமென்றால் திறக்க வேண்டும். திறந்துவிட்டால் சாட்சி இருக்கும், சொத்து போய்விடும்.

அதற்கு ஏலக்காரர்கள் ஒரு நடுவழி வைத்திருக்கிறார்கள். தொப்பியின் பாவாடையில் கத்தியால் சின்னதாக ஒரு ஜன்னல் வெட்டி, பின்னாலிருந்து வெளிச்சம் காட்டிக் கண்ணாடி வழியாகவே கார்க்கைப் படிப்பது. ஏலப் பட்டியலில் 'கேப்ஸ்யூல் வெட்டிப் பார்த்தது' என்று நேர்மையாகப் போட்டும் விடுவார்கள். குடிக்கிறவர்களுக்கு வேறு வழி. பழைய கார்க் திருகாணியில் பொடிந்துவிடும் என்பதால், இடுக்கியைப் பழுக்கக் காய்ச்சி, கழுத்தைக் கார்க்குக்குக் கீழே ஒரு நிமிடம் பிடித்து, பிறகு ஈரத்துணியால் தொடுவார்கள். கண்ணாடி வட்டமாக உடைந்து கார்க்கோடு கையில் வந்துவிடும். கார்க் முழுசாக இருக்கும், நிதானமாகப் படிக்கலாம்.

காகிதமும் வேண்டாம், காரீயமும் போதாது என்று முடிவு செய்தவர்களும் உண்டு. கின்டா டோ நோவல் 1920-களிலேயே பாட்டிலின் மேல் தகட்டு அச்சு வைத்து வெள்ளைப் பெயின்ட்டில் பெயரும் வருடமும் அடிக்க ஆரம்பித்தது. என் தொழிலில் இதைப் பார்த்தால் பொறாமையாக இருக்கிறது, எளிமை! 1931-ல் பெரும்பாலான நிறுவனங்கள் விண்டேஜ் அறிவிக்கவில்லை. 1927-ல் ஏராளமாக அறிவித்த சரக்கு தேங்கிக் கிடந்தது, உலகம் முழுக்கப் பணமுடை. நோவல் அறிவித்தது. இன்று போர்ட் பைத்தியங்கள் மூச்சை இழுத்துக்கொண்டு சொல்லும் வருடம் அது. 1981-ல் காயா கிடங்கில் தீ விபத்து ஏற்பட்டு நிறுவனத்தின் பழைய ஆவணங்களும் போயின. அந்த பாட்டில்களின் மேல் எழுதியிருப்பதற்கு அதனால் இன்னும் மரியாதை.

இந்த நோவல்தான் நான் நேரில் பார்த்த ஒரே பழைய போர்ட். மட்காவில் எங்களுக்குத் தெரிந்த ஆன்ட்டி ஒருவர், எண்பது தாண்டியவர், தனியாக இருக்கிறார். மகன் டொரன்டோவில். லேபிள்காரன் என்பதால் என்னைக் கூப்பிட்டார். பாட்டிலில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. வேலைக்கு வந்த பெண் தேங்காய் நார் போட்டுச் சுத்தமாகத் தேய்த்திருக்கிறாள்! டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்ததில், பெயின்ட் போன இடத்தில் கண்ணாடி கொஞ்சம் பளபளப்பாக இருந்தது. எழுத்து எழுத்தாகக் கூட்டினால் நோவல். வருடத்தில் கடைசி எண் 5. அதற்கு முந்தைய எண் தெரியவில்லை. கழுத்தில் உத்தரவாதச் சீட்டின் மிச்சம், அதனால் போர்ச்சுகலில் அடைத்தது.

நோவல் அறிவித்த வருடங்களில் 5-ல் முடிபவை 1945, 1955, 1975, 1985 போன்றவை. ஆன்ட்டியின் கணவர் வாங்கியது 1959-ல், கோவா இந்தியாவோடு சேர்வதற்கு இரண்டு வருடம் முன்பு. ஆக, 1945 அல்லது 1955. இரண்டுக்கும் விலையில் பெரிய வித்தியாசம். தொப்பி ஒரு பக்கம் ஏற்கெனவே கிழிந்திருந்தது. பின்னால் வெளிச்சம் காட்டினால் கார்க்கில் 'நோவல்' என்பது நன்றாகவே தெரிந்தது. வருடம் தொப்பிக்குள். இன்னும் அரை அங்குலம் வெட்டினால் போதும்.

போனில் மகன் "வெட்டிப் பாருங்கள் அங்கிள், எவ்வளவு போகும் என்று கேட்டுச் சொல்லுங்கள்" என்றார். நான் உண்மையைச் சொன்னேன். அறுபது வருடம் கோவா வெயிலில் இருந்திருக்கிறது, அளவு பாட்டிலின் தோள்பட்டை வரை இறங்கிவிட்டது, வாங்குகிறவன் முதலில் அதைத்தான் பார்ப்பான், உள்ளே இருப்பது கெட்டுப்போயிருக்கவும் வாய்ப்பு அதிகம். ஆன்ட்டி இதையெல்லாம் காதில் வாங்கவில்லை. மகனின் கல்யாணத்துக்குத் திறக்கத்தான் அவர் கணவர் வாங்கி வைத்தாராம். கல்யாணம் கனடாவில் நடந்தது, கணவரால் போக முடியவில்லை, பாட்டிலும் போகவில்லை. "வெட்ட வேண்டாம்" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

கிழிந்த இடத்தில் பிளாஸ்டிக் தாளைச் சுற்றி நூலால் கட்டினேன். வெயில் படாத உள் அறையில், கட்டிலுக்கு அடியில் பாட்டிலைப் பழையபடியே படுக்க வைத்தோம். வெள்ளைத் தீற்றலும் நாரோடு போய்விட்டதே என்றேன். ஆன்ட்டி அலமாரியைத் துழாவி ஒரு நகப்பூச்சுக் குப்பியை எடுத்துக் கொடுத்தார். பாட்டிலின் மேல்பக்கத்தில் சிவப்பாக ஒரு பொட்டு வைத்துவிட்டு வந்தேன்.